தம்பி ஊசி போடாமல் போட்டதாக எழுதி வைக்கிறான், அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 24 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருடைய தம்பிக்கு 17 வயது. 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். ஒரு நாளைக்கு நான்கு முறை இன்சுலின் ஊசி. 14 வயது வரை அம்மாதான் சுகர் பார்ப்பது, ஊசி போடுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் செய்தார். ‘பையன் வளர்ந்துட்டான், இனிமே அவனே பார்த்துக்கட்டும்’ என்று அப்புறம் மொத்தமாக அவனிடமே விட்டுவிட்டார்கள். அப்போது 7.4 ஆக இருந்த மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) இப்போது 10.8. ஆனால் நோட்டில் 120, 130 என்று எல்லாமே அழகாக இருக்கிறது. சந்தேகப்பட்டு குளுக்கோமீட்டரை எடுத்துப் பார்த்த அக்காவுக்கு, அதில் பல நாட்களுக்குப் பதிவே இல்லை என்று தெரிந்திருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு தம்பிக்குக் காய்ச்சலும் வாந்தியும். ‘எதுவுமே சாப்பிடலையே, ஊசி போட்டா சுகர் இறங்கிடும்’ என்று பயந்து அம்மா ஊசியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மூச்சு வாங்கி, நினைவு தடுமாறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துப் பிழைத்து வந்தான். அன்றிலிருந்து ‘கண்ணு போயிடும், கிட்னி போயிடும்’ என்று அப்பா திட்டுகிறார், அம்மா அழுகிறார். உறவினர் ஒருவர் ஊசியே தேவைப்படாத மருந்து என்று ஒன்றைச் சிபாரிசு செய்கிறார். போன வாரம் நடந்த சண்டையில் தம்பி, ‘நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதிதானே’ என்று சொல்லியிருக்கிறான். மீட்டரில் பார்த்ததை அப்பாவிடம் சொல்வதா, வெளியூரில் கிடைத்திருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு இருப்பதா என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி சண்டையில் சொன்ன அந்த வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘கோபத்தில் சொல்லியிருப்பான்’ என்று நீங்களே அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் நாளிலேயே, வீட்டில் வேறு யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ‘அன்னைக்கு அப்படிச் சொன்னியே, உயிரை விட்டுடணும்னு தோணுதாடா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். ‘ஆமாம்’ என்றாலோ, பதில் சொல்லாமல் ஒதுங்கினாலோ, மருந்துகளைப் பெரியவர் ஒருவர் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதில் ரகசியம் காப்பது, வாக்குக் கொடுப்பது எதுவும் செல்லாது. அப்பா, அம்மா இருவருக்கும் சொல்லியாக வேண்டும். அவன் ‘இல்லை’ என்றாலும் அடுத்த பரிசோதனையில் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டைப் 1 சர்க்கரை நோயோடு வளரும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதற்கும் சிகிச்சை உண்டு.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது ஏன்?

கடிதம் முழுவதும் ஒரு குற்றச்சாட்டு ஓடுகிறது. தம்பி ஒழுங்காக ஊசி போட்டிருந்தால் தீவிர சிகிச்சை வரை போயிருக்காது என்று. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறீர்கள், அவனும் நம்புகிறான். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது: ‘சாப்பிடாததால் ஊசி வேண்டாம் என்று அம்மா சொன்னார்.’

டைப் 1 உள்ளவர்களின் உடலில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. சாப்பாட்டுக்காக மட்டும் தேவைப்படுகிற பொருள் அல்ல அது. தூங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். காய்ச்சல் வந்தால் நோயோடு போராடுவதற்காக உடல் சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும். அவை ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் சுகர் ஏறும். இன்சுலினும் இல்லையென்றால், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் செல்கள் பயன்படுத்த முடியாமல் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலத்தன்மைக்குப் போய்விடும். தம்பிக்கு வந்தது அதுதான்.

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டால் சுகர் இறங்கி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுவது இயல்பு. காய்ச்சல் நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று நோய் தெரிந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பழி முழுவதையும் இரண்டு மாதமாக அந்தப் பையன் மட்டுமே சுமக்கிறான். அன்று ஊசியை நிறுத்தச் சொன்னது பெரியவர்கள்தான், அவன் சொன்னபடி கேட்டான் என்பதை அப்பாவும் அம்மாவும் அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் இந்த வீட்டில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

அடுத்த முறை உடம்பு சரியில்லாமல் போனால்:

– நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டு மாற்றலாம்.

– இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், சுகர் பார்க்க வேண்டும். 250-க்கு மேல் நின்றாலோ வாந்தி இருந்தாலோ கீட்டோனும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் மீட்டரில் 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3-ஐத் தொட்டால் மருத்துவமனைதான். சிறுநீரில் பார்க்கும் பட்டை மட்டும் இருந்தால், அதில் எந்த நிறம் வந்தால் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

– வாந்தி நிற்கவில்லை, வயிற்று வலி, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு, மூச்சில் பழ வாடை, அசாதாரணமான தூக்கம் – இவற்றில் எது வந்தாலும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம்.

இதை உங்கள் மருத்துவரிடம் காட்டி, தம்பியின் எடைக்கும் மருந்துக்கும் ஏற்ற மாதிரி எழுதி வாங்கி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டி வையுங்கள்.

10.8 முழுக்க அவன் அலட்சியம்தானா?

ஊசிகள் தவறுகின்றன என்பது உண்மை. அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். பருவம் வருவதற்கு முன் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.7 முதல் 1 யூனிட் போதுமாக இருந்த பிள்ளைக்கு, பருவ வயதில் 1.2-க்கு மேலும், சிலருக்கு 2 யூனிட் வரையும் தேவைப்படலாம். நோட்டில் எல்லாம் 120 என்று இருப்பதைப் பார்க்கும் மருத்துவர் எதற்கு அளவைக் கூட்டப் போகிறார்? சராசரியும் நோட்டும் ஒத்துப்போகாதபோது அவர் துருவிக் கேட்டிருக்கலாம்தான். எப்படியோ, பொய் எழுதியதால் அவனுக்குத் தேவையான மருந்தே அவனுக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். சரியாக ஊசி போட்ட நாட்களிலும் சுகர் இறங்காமல் இருந்திருக்கும். ‘போட்டாலும் ஏறுது, போடாட்டியும் ஏறுது’ என்று கைவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் ஊசி போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி வந்துவிடும். அங்கே வலி குறைவு என்பதால் பிள்ளைகள் அதே இடத்தைத் தேடிப் போவார்கள். ஆனால் அங்கே போட்ட மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வயிறு, தொடை இரண்டையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கடிதத்தின் நடுவில், ஒரு வருடம் முன்பு விளையாடும்போது நண்பர்கள் முன்னால் கை நடுங்கி, உளறி, கீழே உட்கார்ந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுகர் 70-க்குக் கீழே இறங்கும்போது வருகிற நிலை. கூட்டத்தின் நடுவே அப்படி ஆன பிறகு, வெளியே போகும் நாட்களில் ஊசியைத் தவிர்த்துச் சுகரை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. சோம்பல் மாதிரி தெரிகிற பயம் அது. அவனிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பயத்தைக் குறைக்க வழி இருக்கிறது. விளையாட்டுக்கு முன் எவ்வளவு மருந்தைக் குறைக்கலாம் என்று மருத்துவர் கணக்குச் சொல்லுவார். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி 15 கிராம். நெருங்கிய நண்பன் ஒருவனுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், சுகரை வேகமாக ஏற்றும் குளுகாகன் மருந்து (ஊசியாகவோ மூக்கு ஸ்ப்ரேயாகவோ) கையில் இருந்தால் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த நண்பனுக்குச் சொல்லி வைக்கலாம்.

எடை கூடிவிடும் என்று இன்சுலினைத் தவிர்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளிடம் அதிகம், ஆனால் பையன்களிடமும் உண்டு. தம்பி உடல் இளைத்திருக்கிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதையும் மனதில் வைக்கச் சொல்கிறேன். சுகர் உயர்ந்தே இருந்தாலும் உடம்பு இளைக்கும் என்பதால் முடிவு கட்டிவிட வேண்டாம்.

கொஞ்சம் வேலையை அவனிடமிருந்து திரும்ப வாங்குங்கள்

வளர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு. ஆனால் அம்மா செய்தபோது 7.4, அவனிடம் விட்டதும் 10.8. 14 வயதுப் பையனிடம் இதை மொத்தமாகக் கொடுத்தது ரொம்பச் சீக்கிரம். இந்த நோயில் விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. ஒவ்வொரு முறை வாயில் ஏதாவது போடும்போதும் கணக்குப் போட வேண்டும். பெரியவர்களே சலித்துப்போகிற வேலை. பதின்ம வயதிலும் பெற்றோர் கை கொடுக்கும் வீடுகளில்தான் சுகர் நன்றாக இருக்கிறது. கண்காணிப்பது வேறு, கை கொடுப்பது வேறு.

எங்கிருந்து தொடங்குவது? நாளுக்கு ஒரு முறை போடும் நீண்ட நேர ஊசியை மட்டும் அம்மாவோ அப்பாவோ எடுத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரத்தில் இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசியை) எடுத்து வைத்து, அவன் சம்மதித்தால் அவர்களே போட்டும் விடலாம். அந்த ஒரு ஊசி தவறாமல் இருந்தாலே, மற்ற வேளைகளில் தவறினாலும், மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து நன்றாகக் குறையும். மற்ற மூன்றும் அவன் பொறுப்பாகவே இருக்கட்டும். ஒன்று சரியானதும் அடுத்ததைப் பார்க்கலாம். இதை அவனுக்கு விதிக்க வேண்டாம். ‘உனக்கு ரொம்ப அலுப்பா இருக்கிறது எது, அதை நாங்க செய்யறோம்’ என்று கேளுங்கள். அவன் வேறு எதையாவது சொன்னால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் கிடைத்தால் விரலைக் குத்தும் வேலையும் நோட்டும் பெரும்பாலும் மிச்சம். சென்சாரைப் பொறுத்து 10 நாள், 14 நாள் என்று உடலிலேயே இருந்து, சுகரை விடாமல் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த எண்கள் அப்பாவின் போனுக்கும் போகும்படி வைப்பதா வேண்டாமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு போன் வந்தால் ஒரே வாரத்தில் கழற்றி எறிந்துவிடுவான்.

அப்பாவிடம் சொல்வதா?

நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முதலில் அவனிடமே சொல்லுங்கள்: ‘உன் மீட்டரை உன்னைக் கேட்காம எடுத்துப் பார்த்தேன், அது தப்புதான். ஆனா பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க என்னால முடியலை.’ அப்புறம் ஒரு நாள் குறித்து, அப்பாவிடமும் மருத்துவரிடமும் அவனே சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போட வேண்டாம், ஏனென்றால் மருந்தின் அளவு பொய்க் கணக்கை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் பேச்சுவார்த்தையெல்லாம் அப்புறம், உடனே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

அவன் ஏன் பொய் எழுதினான் என்று அப்பா கேட்பார். 260 என்று எழுதிய நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் யோசித்துப் பார்க்கட்டும். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி ‘சுகர் எவ்வளவு?’ என்பதாக இருக்கக் கூடாது. 260 என்றால் அதை இறக்கப் போடும் திருத்தும் ஊசி எத்தனை யூனிட் என்பதுதான் பேச்சு. என்ன சாப்பிட்டாய் என்ற விசாரணை வேண்டாம். அதிகமாக இனிப்புச் சாப்பிட்டதால் வந்த நோய் என்று அப்பா இன்னும் நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறாகத் தாக்கி அழிப்பதால் வருவது இது. பதினொரு வயதுக் குழந்தையோ பெற்றவர்களோ எதுவும் செய்து இதைத் தடுத்திருக்க முடியாது.

கண், கிட்னி பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் பயமுறுத்தினால் பிள்ளைகள் மீட்டரைப் பார்ப்பதையே நிறுத்துகிறார்கள். அப்பாவுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். 1993-இல் முடிவுகள் வெளியான டிசிசிடி என்ற ஆய்வில் 13 முதல் 39 வயது வரையுள்ள 1,441 டைப் 1 நோயாளிகளைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூன்று மாதச் சராசரி 9 அளவில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 7 அளவில் வைத்திருந்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம், சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பலன் உண்டு என்பது. அடுத்த பரிசோதனையில் 10.8 என்பது 9.8 ஆக வந்தால் அது நிஜமான லாபம். ‘இன்னும் 7 வரலையா’ என்று யாரும் கேட்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை கண், சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்களா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்கிறது.

ஊசியே வேண்டாம் என்கிற மருந்து

இதில் நடுநிலை காட்ட என்னால் முடியாது. இன்சுலின் வருவதற்கு முன் டைப் 1 வந்த குழந்தைகள் சில மாதங்களில், அதிகம் போனால் சில ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். அப்போது அவன் எலும்பும் தோலுமாகச் சாகும் நிலையில் இருந்தான். அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றுவரை தம்பியைப் போன்றவர்கள் இன்சுலினை விட்டுவிட்டுக் குடிக்கும்படி எந்த மருந்தும் இல்லை. இன்சுலின் இல்லாமல் சுகர் குறைந்தவர்கள் என்று அந்த உறவினர் காட்டுகிறவர்கள், பெரியவர்களுக்கு வரும் டைப் 2 நோயாளிகளாகவே இருப்பார்கள். அது வேறு நோய். அவர் மேல் அன்பு இருக்கட்டும், மருந்து வீட்டுக்குள் வர வேண்டாம்.

உங்கள் வேலை

போங்கள். தம்பிக்குத் துணை வேண்டும், ஆனால் அவனுக்காக ஒருவர் தன் வாழ்க்கையை நிறுத்திக்கொண்டார் என்ற கடனும் அவன் தலையில் ஏற வேண்டாம். ‘என்னால எல்லாருக்கும் கஷ்டம்’ என்றுதானே அவன் ஏற்கெனவே நினைக்கிறான். உயிரை விடும் எண்ணம் இருப்பதாக அவன் சொன்னால் மட்டும், சிகிச்சை தொடங்கி மருத்துவர் தைரியம் சொல்லும் வரை கிளம்புவதைத் தள்ளி வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு காரியங்கள். தினசரி ஊசியை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது முடிவாகி, இரண்டு வாரமாவது நடந்திருக்க வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போக வேண்டும். மருத்துவரிடம் முன்கூட்டியே போனில் சொல்லி, முதல் பத்து நிமிடம் தம்பி மட்டும் அவரோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்யுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்தத் தனி நேரம் கட்டாயம் வேண்டும். உயிருக்கு ஆபத்தான விஷயம் தவிர, அவன் சொல்வதை மருத்துவர் வீட்டில் சொல்ல மாட்டார் என்பதை அவரே அவனிடம் சொல்லட்டும். அடுத்த வருடம் 18 ஆனதும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவார்கள். பல பிள்ளைகள் மருத்துவரிடம் போவதையே விட்டுவிடுவது அந்த மாற்றத்தில்தான். புது மருத்துவர் யார், பழைய விவரங்கள் எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் இதே சந்திப்பில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போன பிறகு தம்பிக்கு அடிக்கடி போன் செய்யுங்கள். சுகரைப் பற்றி அவனாக எடுத்தால் மட்டும் பேசுங்கள்.